சாக்பீஸை ஜூனியர் கையில குடும்மா

தண்டையார்பேட்டையில இருந்து ஒரு பொண்ணு எழுதியிருக்கா, பேர் போட வேணாம்னு கேட்டிருக்கா. கடிதம் கொஞ்சம் பெருசு, சுருக்கி போடுறேன்.

"வணக்கம் மேம். நான் நம்ம பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.காம் மூணாவது வருஷம், மார்னிங் ஷிப்ட். எங்க வீட்ல முதல்ல காலேஜ் போனது நான்தான். ஃபர்ஸ்ட் இயர்ல நிறைய பேர் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்ல போயிடறாங்கன்னு ஹெச்ஓடி என்னை கூப்ட்டு, கிளாஸ் முடிஞ்சதும் வாரத்துல ரெண்டு நாள் ஒரு மணி நேரம் அவங்களுக்கு சொல்லிக்குடுன்னாங்க. நோட்டீஸ் போர்டுல 'ஸ்லோ லேர்னர்ஸ் கோச்சிங்'னு ஒட்டினாங்க. முத நாள் ரூம் நிறைய கூட்டம், இப்ப அஞ்சு பேர் வந்தாலே பெருசு. வர்றவங்களும் 'அக்கா இம்பார்ட்டண்ட் கொஸ்டின் மட்டும் குறிச்சு குடுங்க'ன்றாங்க, இல்லன்னா நான் போர்டுல போடற கணக்க அப்படியே எழுதிக்கிட்டு கிளம்பிடறாங்க. கேள்வி கேட்டா ஒருத்தரும் வாய தொறக்கறதில்ல. போன வாரம் ஒரு பொண்ணு, சேல்ஸ் புக் டோட்டல் தப்பா போட்டா அதை ஏன்க்கா சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல சரி பண்றோம், கஸ்டமர் அக்கவுண்ட்ட ஏன் தொடறதில்லன்னு கேட்டா. எனக்கு தெரியல, மழுப்பிட்டேன். எனக்கே இந்த பேப்பர்ல முதல் செமஸ்டர்ல அரியர் இருந்துச்சு, அடுத்த தடவதான் கிளியர் பண்ணேன், அது ஜூனியர்ஸ்ல ரெண்டு பேருக்கு தெரியும். கடைசி பெஞ்சு பையன் ஒருத்தன் காலேஜ விட்டு நின்னுடப் போறேன்னு என்கிட்ட மட்டும் சொல்றான். ஒரு ஜூனியரோட அம்மா மாசம் ஐநூறு ரூபா தர்றேன், வீட்டுக்கு வந்து சொல்லிக்குடும்மான்றாங்க, வாங்கலாமா? நான் இதுக்கெல்லாம் லாயக்கு தானா மேம்?"

லாயக்கா இல்லையான்றத அப்புறம் பாக்கலாம். முதல்ல அந்த நோட்டீஸ கிழி. சும்மா சொல்லல, ஹெச்ஓடி கிட்ட பர்மிஷன் வாங்கிட்டு கிழி. 'ஸ்லோ லேர்னர்ஸ்'னு ஒரு பேர எதுக்கு வெக்கறாங்கன்னு எனக்கு தெரியும்மா, நானும் காமர்ஸ் டிபார்ட்மெண்ட்ல தான் காலம் தள்ளிட்டு இருக்கேன், ரெமீடியல் கிளாஸ் பொறுப்பும் என் தலையில தான். காலேஜோட தரத்த பாக்கற நாக் கமிட்டி வர்றப்போ ஃபைல்ல காட்டணும், அந்த ஃபைல் பாஷைய அப்படியே போர்டுல ஒட்டிட்டாங்க. பதினெட்டு வயசு பையன், கூட படிக்கிற பொண்ணுங்க பாக்க 'ஸ்லோ லேர்னர்'னு எழுதின ரூமுக்குள்ள எப்படிம்மா நுழைவான்? முத நாள் வந்தவங்க என்னன்னு பாக்க வந்தவங்க, ரெண்டாவது நாள் வராதவங்க மானம் பாத்தவங்க. இதுல உன் டீச்சிங்க பத்தி ஒண்ணுமே இல்ல.

நீ பண்ற இந்த வேலைக்கு வெளிநாட்டுல ஒரு முறையே இருக்கு. 1973ல அமெரிக்காவுல மிசௌரி யூனிவர்சிட்டியோட கான்சஸ் சிட்டி கேம்பஸ்ல டியானா மார்ட்டின்னு ஒரு அம்மா ஆரம்பிச்சது, சப்ளிமெண்டல் இன்ஸ்ட்ரக்ஷன்னு பேரு, இன்னிக்கு பல நாட்டு யூனிவர்சிட்டில ஓடுது. அதோட அடிப்படையே இதுதான்: கஷ்டமான ஸ்டூடண்ட்ட தேடாத, கஷ்டமான பேப்பர தேடு. எந்த பேப்பர்ல வருஷா வருஷம் நிறைய பேர் விழறாங்களோ அந்த பேப்பருக்கு செஷன் வை, யார் வேணா வரலாம், டாப்பரும் வரலாம். அப்ப வர்றவன் மேல எந்த முத்திரையும் விழாது. பெர்க்லி யூனிவர்சிட்டில ட்ரைஸ்மேன்னு ஒரு மேத்ஸ்காரர் 1970கள் கடைசில இன்னொன்னு பாத்தாரு, கால்குலஸ்ல விழுந்த கறுப்பின பசங்க சோம்பேறிங்க இல்ல, தனித்தனியா உக்காந்து மாங்கு மாங்குனு படிச்சிருக்காங்க, ஆனா நல்லா வந்த சீன வம்சாவளி பசங்க தனியா போட்டுட்டு அப்புறம் கூடி உக்காந்து ஒருத்தன் கணக்க ஒருத்தன் நோண்டியிருக்காங்க. அவர் ரெமீடியல்னு பேர் வெக்காம, இன்னும் கஷ்டமான கணக்கா குடுத்து கூட்டா உக்காந்து போட வெச்சாரு, பசங்க மேல வந்துட்டாங்க. அதனால உன் போர்டுல 'ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் கணக்கு போடற நேரம், யார் வேணா வரலாம்'னு எழுது, முடிஞ்சா கிளாஸ்ல நல்லா படிக்கிற ரெண்டு பொண்ணுங்கள நீயே போய் கூப்பிடு, அவங்க வந்தா மத்தவங்க தானா வருவாங்க.

அடுத்தது டைம். மார்னிங் ஷிப்ட்னா மதியம் ஒரு மணி வாக்குல விடும், அப்ப உன் செஷன் கரெக்ட்டா பசி நேரத்துல. காலைல டிபன் சாப்பிடாம வந்த பசங்க பாதி பேர் இருப்பாங்க. பசங்கள்ல பாதி பேர் எம்.சி.ரோடு துணிக்கடைக்கோ டெலிவரிக்கோ ஓடணும், அந்த சம்பளத்துல தான் எக்ஸாம் ஃபீஸே கட்றாங்க. பொண்ணுங்க ஃப்ரீ பஸ்ஸுக்கு நிப்பாங்க, 2021ல இருந்து சாதா பஸ்ல லேடீஸுக்கு டிக்கெட் இல்ல, ஆனா அந்த பஸ்ஸ விட்டா அடுத்தது எப்ப வரும்னு ஸ்டாப்ல நின்னவங்களுக்கு தான் தெரியும். நம்ம எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் பொண்ணுங்கள இந்த ஒரு மணி நேரம் உக்கார வெச்சா வீட்டுக்கு போறதுக்கு எத்தன மணி ஆகும்னு நீயே கணக்கு போடு. அதனால வராதவங்கள்ல அஞ்சாறு பேர கேன்டீன்ல புடிச்சு, 'ஏன் வரல'ன்னு கேக்காத, அது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும், 'எந்த டைம்னா உனக்கு ஒத்து வரும்'னு கேளு. காலைல கிளாஸுக்கு முன்னாடி அரை மணி நேரம், இல்ல நடுவுல ஒரு ஃப்ரீ ஹவர், எது வருதோ அது. ஒரு மணி நேரம் ரெண்டு நாளுக்கு பதிலா அரை மணி நேரம் நாலு நாள் கூட நல்லா ஓடும்.

சரி, இப்ப ரூமுக்குள்ள வருவோம், இங்கதான் உன்கிட்ட எனக்கு சொல்ல வேண்டியது இருக்கு.

நீ போர்டுல கணக்கு போடற, அவங்க காப்பி பண்றாங்க. இத நீ அவங்க குறையா எழுதியிருக்க, ஆனா சாக்பீஸ் உன் கையில இருக்கற வரைக்கும் அவங்களுக்கு காப்பி பண்றத தவிர வேற வேலை என்ன இருக்கு? நீ போடறப்போ எல்லாம் புரியற மாதிரியே இருக்கும், வீட்டுக்கு போய் நோட்ட மூடினா ஒண்ணும் வராது. ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு பேர் 2006ல ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு பாடத்த ஒரு குரூப்புக்கு ரெண்டு தடவ படிக்க குடுத்தாங்க, இன்னொரு குரூப்ப ஒரு தடவ படிச்சுட்டு பாக்காம நினைவுல இருந்து எழுத சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ ரெண்டு தடவ படிச்சவங்க தான் ஜாஸ்தி சொன்னாங்க. ஒரு வாரம் கழிச்சு கேட்டா தலைகீழ், ரெண்டு தடவ படிச்சவங்க கிட்டத்தட்ட 42 சதவீதம், பாக்காம எழுதினவங்க 56 சதவீதம். பசங்க உன் செஷன விட்டு வெளிய போறப்போ 'சூப்பர்க்கா புரிஞ்சிடுச்சு'ன்னு சொல்றது அந்த அஞ்சாவது நிமிஷத்து பேச்சு, அத வெச்சு உன்னை நீ எடை போடாத.

எப்படி பண்றதுன்னு ஒரு கணக்க வெச்சே சொல்றேன். பேங்க் ரீகன்சிலியேஷன் எடுத்துக்கோ, நம்ம புக்ல இருக்கற பேலன்ஸும் பேங்க் காட்டற பேலன்ஸும் ஏன் ஒத்துப்போகலன்னு பாக்கற கணக்கு, தமிழ் மீடியம் பசங்க வங்கிச் சரிகட்டும் பட்டியல்னு பிளஸ் ஒன்லயே படிச்சிருப்பாங்க, ஆனாலும் எல்லாரும் கேக்கற ஒரே கேள்வி 'அக்கா இது ஆடா லெஸ்ஸா?' நீ 'ஆட்'னு சொல்லிட்டா அந்த கேள்வி அடுத்த கணக்குலயும் வரும், எக்ஸாம் ஹால்ல நீ இருக்க மாட்ட. கேஷ் புக்ல 10,000 ரூபா இருக்கு. 2,000க்கு செக் குடுத்துட்டோம், வாங்கினவர் இன்னும் பேங்க்ல போடல. 1,500க்கு ஒரு செக் நாம பேங்க்ல போட்டோம், இன்னும் கலெக்ட் ஆகல. பேங்க் 100 ரூபா சார்ஜ் புடிச்சிருக்கு, நம்ம புக்ல அது இல்ல. இப்ப ரெண்டு பேர எழுப்பு. ஒருத்தி கேஷ் புக், இன்னொருத்தன் பேங்க். ரெண்டு பேர் கையிலயும் ஒரு ரஃப் நோட்டு, ரெண்டுலயும் 10,000னு ஆரம்பிக்கணும். மூணாவது ஆள் ஒவ்வொரு வரியா படிக்கணும், அந்த ரெண்டு பேரும் 'எனக்கு தெரியும், எழுதிட்டேன்' இல்ல 'எனக்கு இது வரவே இல்ல'ன்னு சொல்லணும், அவ்வளவுதான். 2,000 செக்க கேஷ் புக் பொண்ணு ஏற்கனவே கழிச்சுட்டுதான் 10,000னு சொல்றா, பேங்க் பையனுக்கு அந்த செக்கே வரல, அப்ப யார்கிட்ட காசு ஜாஸ்தி இருக்கற மாதிரி தெரியும்னு கேளு. பேங்க் கிட்ட ஜாஸ்தி, அதனால ஆட். 1,500 செக்க அவ ஏத்திட்டா, அவன் ஏத்தல, அதனால லெஸ். 100 ரூபாய அவன் புடிச்சுட்டான், அவளுக்கு தெரியாது, அதனாலயும் லெஸ். அப்ப பேங்க் பக்கம், அதாவது பாஸ் புக்ல, 10,400. இத அவங்களே சத்தமா பேசி சண்ட போட்டு கண்டுபுடிக்க இருபது நிமிஷம் ஆகும், நீ போட்டா மூணு நிமிஷம். அந்த பதினேழு நிமிஷத்துக்காக தான் நீ அங்க இருக்க.

அது முடிஞ்சதும் திருப்பி போடு, பாஸ் புக் 10,400ல ஆரம்பிச்சு கேஷ் புக்குக்கு வர சொல்லு, பாதி பேர் அதே ஆட் லெஸ்ஸ எழுதி மாட்டுவாங்க, மாட்டட்டும். அதுக்கும் அப்புறம் ஓவர்டிராஃப்ட், அதாவது பேங்க்ல இருக்கறத விட ஜாஸ்தி எடுத்தது. ஓவர்டிராஃப்ட்னா எல்லாத்தையும் மாத்திப் போடணும்னு யாரோ ஒரு டியூஷன்ல மனப்பாடம் பண்ணி வெச்சிருப்பாங்க, அத நம்பி பல பேர் மார்க்க விட்டாங்க. ஓவர்டிராஃப்ட்ட மைனஸ் 10,000னு எழுதி ஆரம்பிச்சா ஆட் ஆட்டாவே இருக்கும், லெஸ் லெஸ்ஸாவே இருக்கும், மைனஸ் 10,000ல 2,000 ஆட் பண்ணா மைனஸ் 8,000. ஆனா இதையும் நீ சொல்லாத, மைனஸ் போட்டு பாருங்கன்னு மட்டும் சொல்லிட்டு தள்ளி நில்லு. உங்க சார் கிளாஸ்ல டேபிள் வேற மாதிரி போட்டு குடுத்திருந்தா எக்ஸாம்ல அத தான் எழுதணும்னும் சொல்லிடு, சார் முறை தப்பு என் முறை ரைட்னு ஒரு நாளும் பேசாத, பசங்களுக்கு ரெண்டு பக்கமும் நம்பிக்கை போயிடும்.

கேள்வி கேட்டா வாய தொறக்கறதில்லன்னு எழுதியிருக்க. கேட்டதுக்கு அப்புறம் நீ எவ்வளவு நேரம் காத்திருக்க? மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் வகுப்பறைங்கள டேப்ல பதிவு பண்ணி கேட்டாங்க, டீச்சருங்க ஒரு கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டு தான் பொறுக்கறாங்க, அதுக்குள்ள பதில அவங்களே சொல்லிடறாங்க, இல்ல வேற ஆள கேக்கறாங்க. அத மூணு செகண்டா நீட்டினப்பவே பதில் நீளமாச்சு, பேசாத பசங்க பேசினாங்க. மூணு செகண்டுன்றது சொல்றப்ப சின்னதா இருக்கு, நின்னு பாரு, யுகமா இருக்கும். மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணு. அதுக்கும் வரலன்னா பக்கத்துல இருக்கறவங்க கிட்ட பேசிட்டு சொல்லுங்கன்னு விடு, ஏன்னா நம்ம பசங்க தனியா தப்பா சொல்ல பயப்படுவாங்க, ரெண்டு பேரா தப்பா சொல்ல பயப்பட மாட்டாங்க. 'புரிஞ்சுதா'ன்ற கேள்விய மட்டும் தயவு பண்ணி விட்டுடு. அதுக்கு 'புரிஞ்சுதுக்கா'ன்னு தான் பதில் வரும், அது ஒரு மரியாத, வேற ஒண்ணும் இல்ல. அதுக்கு பதிலா, டெபிட் கிரெடிட் ரெண்டு பக்க டோட்டலும் ஒத்துப்போகுதான்னு பாக்கற ட்ரயல் பேலன்ஸ எடுத்துக்கிட்டு, 'ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆயிடுச்சு, அப்ப கணக்கு எல்லாம் கரெக்ட்டா?'ன்னு ஒரு கேள்விய போடு, ஆமான்னு நாலு பேர் சொல்வாங்க, மெஷின் வாங்கினத தப்பா பர்ச்சேஸ்ல எழுதிட்டா கூட டேலி ஆகாதாடான்னு கேளு, அப்புறம் ரூம் அடங்காது.

பேசற பாஷைய பத்தி ஒரு வார்த்த. பிளஸ் டூ வரைக்கும் தமிழ்ல பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம்னு படிச்சு நல்ல மார்க் வாங்கின பொண்ணு இங்க வந்து இங்கிலீஷ்ல புக்க பாத்ததும் தனக்கு அக்கவுண்ட்ஸே வராதுன்னு முடிவு பண்ணிடும். உன் ரூம்ல அவ தமிழ்லயே யோசிக்கட்டும் தமிழ்லயே வாதாடட்டும், கடைசியா எழுதறப்போ மட்டும் எக்ஸாம்ல எழுதற மாதிரி எழுத சொல்லு. அப்புறம் உதாரணத்துக்கு புக்ல இருக்கற மோகன் அண்ட் கோவ விட்டுட்டு, காசிமேட்டுல ஐஸ் பாக்ஸ் வாங்கி மீன் விக்கறவங்க கணக்கு, அம்மாவோட மகளிர் குழு நோட்டு, இந்த மாதிரி போடு, ரூபாய மட்டும் நீயே கற்பனையா வெச்சுக்கோ, யார் வீட்டு கடனும் போர்டுல வர வேணாம்.

இம்பார்ட்டண்ட் கொஸ்டின் கேக்கறவங்கள கோச்சுக்காத. எக்ஸ்டெர்னல் 75 மார்க்குன்றப்போ அவங்க பயம் நியாயம் தான். நீ குறிச்சு குடுத்தா மட்டும் தான் ஆபத்து, அந்த கணக்கு வரலன்னா உன் பேர் கெட்டுது, வந்தா அடுத்த வருஷம் நீ ஜோசியக்காரி. அஞ்சு வருஷ பழைய கொஸ்டின் பேப்பர எடுத்து மேஜை மேல போடு, எந்த சாப்டர்ல இருந்து எத்தன தடவ வந்திருக்குன்னு அவங்களையே எண்ண சொல்லு, அவங்க கையால எண்ணினத அவங்க நம்புவாங்க. அப்புறம் அசைன்மெண்ட்ட போட்டு குடுக்க சொன்னா முடியாதுன்னுடு, மாதிரிக்கு வேற ரூபா வெச்சு ஒரு கணக்கு போட்டு காட்டலாம், அவ்வளவுதான். வாட்ஸ்அப் குரூப் இருந்தா நைட்டு ஒன்பதுக்கு மேல பதில் இல்லன்னு முதல்லயே எழுதிடு, உனக்கும் செமஸ்டர் இருக்கு.

இப்ப அந்த சஸ்பென்ஸ் அக்கவுண்ட் கேள்வி. நல்ல கேள்விம்மா அது, அத கேட்ட பொண்ண விட்டுடாத. சேல்ஸ் புக்ல இருந்து ஒவ்வொரு கஸ்டமர் பேருக்கும் தனித்தனியா அப்பப்ப போஸ்ட் ஆயிடும், அதாவது அவங்கவங்க கணக்குல ஏறிடும், மாச கடைசில டோட்டல் மட்டும் சேல்ஸ் அக்கவுண்டுக்கு போகும். டோட்டல்ல 100 ரூபா குறைச்சு போட்டா அடி வாங்கறது சேல்ஸ் அக்கவுண்ட் ஒண்ணு மட்டும் தான், கஸ்டமர் கணக்கு சுத்தமா இருக்கு. ஒரு பக்கம் மட்டும் தப்புன்றதால ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகல, அந்த வித்தியாசம் தப்பு தெரியற வரைக்கும் அனாமத்துல, அதாவது சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல, உக்காந்திருக்கு, தப்ப கண்டுபுடிச்சதும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் டெபிட், சேல்ஸ் கிரெடிட், 100 ரூபா. ஒரு பில்ல மொத்தமா எழுதவே மறந்திருந்தா ரெண்டு பக்கமும் இல்ல, அங்க சஸ்பென்ஸுக்கு வேலையே இல்ல. அடுத்த செஷன்ல 'அன்னிக்கு நீ கேட்டப்போ எனக்கு தெரியல, பாத்துட்டு வந்தேன்'னு சொல்லிட்டு, சேல்ஸ் புக் பக்கத்த அவகிட்ட குடுத்து எது எது எங்க போஸ்ட் ஆகும்னு கோடு போட சொல்லு. தெரியாதத தெரியலன்னு சொல்றது உனக்கு தான் ஈசி, ஏன்னா நீ அவங்களுக்கு அக்கா, சாருக்கு அந்த சலுகை கம்மி. சொன்னா மறக்காம பதிலோட திரும்பி வரணும், அது ஒண்ணு தான் கண்டிஷன்.

லாயக்கான்னு கேட்டல்ல. ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன், நான் சொன்ன அந்த அமெரிக்க முறையில அந்த பேப்பர நல்லா பண்ணவங்கள தான் லீடரா எடுப்பாங்க, ட்ரெயினிங் குடுப்பாங்க, அவங்க ஜூனியர் கிளாஸ்லயே போய் உக்காந்து மறுபடி பாடத்த கேப்பாங்க. உனக்கு ட்ரெயினிங் இல்ல, உன் கிளாஸ் நேரமும் அவங்க கிளாஸ் நேரமும் ஒண்ணு, போய் உக்காரவும் முடியாது. அதனால வாரா வாரம் ஒரு ஜூனியரோட நோட்ட வாங்கி பாரு, சார் எதுவரைக்கும் நடத்தியிருக்காரு, எந்த ஃபார்மேட்டுன்னு தெரியணும், செஷனுக்கு எடுத்துட்டு போற கணக்க முந்தின நாள் நீ பாக்காம ஒரு தடவ போட்டு பாரு. இத பண்ணா போதும், லாயக்கு. அரியர் விஷயம் ரெண்டு பேருக்கு தெரியும்னா இருபது பேருக்கும் தெரியும், நம்ம காலேஜ்ல ரகசியம் ஏது. நீயே ஒரு தடவ, கதையா இழுக்காம, 'எனக்கு ஃபர்ஸ்ட் செம்ல இதுல அரியர், பிழைத் திருத்தத்துல தான் போச்சு, இப்படி தான் தேத்தினேன்'னு சொல்லிட்டு கணக்குக்கு போயிடு. எங்க போச்சோ அத சொல்லு, அது தான் அவங்களுக்கு உபயோகம்.

ஆனா ஒரு விஷயத்துல நீ உஷாரா இருக்கணும், ஏன்னா இந்த ஊர்லயே அது நடந்திருக்கு. எழும்பூர்ல அனாதை பசங்களுக்கு ஒரு ஸ்கூல் இருந்துச்சு, 1789ல ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார் அதுக்கு பொறுப்பா வந்தாரு. நம்ம ஊரு பசங்க மணல்ல விரலால எழுதி படிக்கறத பாத்துட்டு அதையே அவர் ஸ்கூல்ல கொண்டு வந்தாரு, வாத்தியாருங்க ஒத்துக்கலன்னதும் எட்டு வயசு பையன் ஒருத்தன விட்டு சின்ன பசங்களுக்கு சொல்லிக்குடுக்க வெச்சாரு. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளைங்க பண்ணிட்டு இருந்த வேலை தான். 1797ல லண்டன்ல அத புக்கா போட்டாரு, 'மெட்ராஸ் சிஸ்டம்'னு பேர் வாங்கிச்சு, இன்னிக்கும் ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல 'மெட்ராஸ் காலேஜ்'னே ஒரு ஸ்கூல் இருக்கு. கேக்க பெருமையா இருக்கா? அப்புறம் நடந்தத கேளு. இங்கிலாந்துல அத செலவு கம்மின்னு புடிச்சுக்கிட்டாங்க, நூத்துக்கணக்கான பசங்களுக்கு ஒரே வாத்தியார், மத்ததெல்லாம் பெரிய பசங்க பாத்துப்பாங்க, கிளி மாதிரி சொல்ல வெச்சா போதும்னு ஆயிடுச்சு. கொஞ்ச வருஷத்துல பேர் கெட்டு போச்சு. பசங்க பசங்களுக்கு சொல்லிக்குடுத்ததுல தப்பு இல்ல, வாத்தியார் செலவ மிச்சம் புடிக்க அவங்கள வெச்சதுல தான் தப்பு. உன்கிட்டயும் ஒரு நாள் 'ஹையர் பர்ச்சேஸ் யூனிட்ட சார் முடிக்கல, நீயே நடத்திடும்மா'ன்னு வரும், கெஸ்ட் லெக்சரர் போஸ்ட் காலியா கிடக்கற டிபார்ட்மெண்ட்ல கண்டிப்பா வரும். அப்ப நீ பணிவா, 'மேம், சார் நடத்தினதுக்கு அப்புறம் ப்ராக்டிஸ் நான் பாத்துக்கறேன்'னு சொல்லணும். சொல்ல பயமா இருந்தா இந்த பக்கத்த காட்டு, திட்டு என்னை வந்து சேரட்டும்.

கடைசி பெஞ்சு பையன். அவன் உன்கிட்ட சொன்னான்றதே பெருசு, ஆனா அத நீ ஒருத்தியே சுமக்க கூடாது. என்ன காரணம்னு அவன் சொல்ற வரைக்கும் கேளு, அட்வைஸ் ஒண்ணும் வேணாம். பணம்னா, கவர்மெண்ட் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்சவனா இருந்தா தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரணும், 2024 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் 2022லயே வந்துடுச்சு. அவன் அப்ளை பண்ணானா, பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் சேத்திருக்கானான்னு ஆஃபீஸ்ல கேக்க சொல்லு, கூடவே போனாலும் தப்பில்ல. வேலை டைம் தான் பிரச்சனைன்னா ஈவினிங் ஷிப்ட்டுக்கு மாத்த முடியுமான்னு பிரின்சிபால் கிட்ட கேக்கலாம், வருஷத்துக்கு ஓரிரண்டு பேருக்கு நடக்கற விஷயம் தான். 'உன் கிளாஸ் டியூட்டர் கிட்ட நான் சொல்லட்டுமா, இல்ல நீயே வரியா'ன்னு அவன்கிட்ட கேட்டுட்டு டியூட்டர் கிட்ட கொண்டு போ. வேற ஏதாவது, உசுர பத்தின பேச்சு மாதிரி வந்துச்சுன்னா அவன் பர்மிஷனுக்கு நிக்காத, அன்னிக்கே பெரியவங்க யார்கிட்டயாவது சொல்லிடு.

ஐநூறு ரூபா. வேணாம்மா. அந்த அம்மா நல்ல மனசோட தான் கேக்கறாங்க, உனக்கும் அந்த காசு பஸ் செலவுக்கோ ஜெராக்ஸுக்கோ உதவும்னு எனக்கு தெரியும், ஆனா உன் செஷனுக்கு வர்ற பொண்ணு கிட்ட தனியா காசு வாங்கினா, மத்த பசங்க 'அக்கா நல்லா சொல்லிக்குடுக்கறது காசு குடுக்கறவங்களுக்கு தான்'னு பேச ஒரு நாள் போதும். அந்த அம்மா கிட்ட 'ஆன்ட்டி, அவள செஷனுக்கு ஒழுங்கா அனுப்புங்க, அதுவே போதும்'னு சொல்லிடு. காசு வேணும்னா உங்க தெருவுல பிளஸ் ஒன், பிளஸ் டூ அக்கவுண்டன்சி படிக்கற பிள்ளைங்க இருப்பாங்க, அவங்களுக்கு டியூஷன் எடு, அதுல யாருக்கும் ஒரு பேச்சு இல்ல, தலைக்கு ஐநூறே வாங்கு. ஹெச்ஓடி கிட்டயும் ரெண்டு விஷயம் கேளு: வருஷ கடைசில லெட்டர்ஹெட்ல சர்டிஃபிகேட், எத்தன செஷன், எந்த பேப்பர்னு எழுதினது, சும்மா 'ஆக்டிவ்லி பார்ட்டிசிபேட்டட்'னு வேணாம். அப்புறம் செஷன் நாள்ல பசங்களுக்கு டிபார்ட்மெண்ட் கணக்குல டீயும் பன்னும். ரெண்டாவது தான் முதல்ல கேளு.